டி.எம்.சி. கணக்கில் வராத சேறு

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் நாளிதழ்கள் அணைகளைப் பற்றி நான்கு எண்களை நாள் தவறாமல் அச்சிடும். நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். மேட்டூர் என்றால் 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். வந்து சேர்ந்த தண்ணீர் எவ்வளவு கலங்கியிருந்தது, அந்தக் கலங்கலில் என்ன இருந்தது என்று சொல்லும் ஐந்தாவது எண் கிடையாது. அதைக் கேட்பாரும் இல்லை.

சேற்றைப் பற்றி நாம் பேசாமலும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் பேசுகிறோம். ‘தூர் வாருங்கள்’ என்பது தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போகும் அபூர்வமான கோரிக்கை. மேட்டூர் அணை கட்டி 83 ஆண்டுகள் கழித்து, 2017 மே மாதம் முதன்முறையாக அங்கே தூர்வாரும் பணி தொடங்கியபோது அது பெரிய சாதனையாகக் கொண்டாடப்பட்டது. குடிமராமத்துத் திட்டம் வந்தது. பிறகு ஆட்சி மாறியும் டெல்டா வாய்க்கால்களில் ஆண்டுதோறும் சிறப்புத் தூர்வாரும் பணி தொடர்ந்தது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை கன மீட்டர், எத்தனை கோடி ரூபாய் என்ற கணக்குகள் மட்டும் மாறின. அடியில் இருக்கும் எண்ணம் மாறவில்லை. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வெறும் மண்தான் சேறு. அள்ளிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அள்ளிய மண் வயலுக்கு உரம்.

இந்த எண்ணம் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். சேறு அணையின் கொள்ளளவைக் குறைப்பதற்கு வெகுகாலம் முன்பே தண்ணீரின் தரத்தைக் கெடுத்துவிடுகிறது. கொள்ளளவு குறைய ஐம்பது ஆண்டு ஆகும். தண்ணீர் கெட ஒரு மழை போதும். முதலாவதை அளக்கிறோம், அதற்குப் பணம் ஒதுக்குகிறோம். இரண்டாவதைக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘ஆறு என்றால் கலங்கத்தான் செய்யும். ஆடிப்பெருக்கில் செந்நீராகப் பெருகி வந்த காவிரியைக் கும்பிட்டவர்கள் நாம். தஞ்சைச் சமவெளியே காவிரி சுமந்து வந்த வண்டலால் ஆனது. அதைப் போய் மாசு என்பதா?’ இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. மண் சுமக்காத ஆறு ஆறே இல்லை. வண்டல் வராததால் டெல்டா வயல்கள் இழந்தது கொஞ்சமல்ல. ஆனால் இந்த உண்மையே அந்த வாதத்துக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. அந்தப் பழைய வண்டலில் பெரும்பகுதி இன்று டெல்டாவுக்குப் போவதில்லை, மேலே அணைகளில் படிந்துவிடுகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் மதகைத் திறந்தால் கல்லணைக்கு வந்து சேர்வது அணையில் மண்ணை இறக்கிவைத்துவிட்டு வரும் தண்ணீர். ஆற்றில் கிடந்த மணலையும் லாரி லாரியாக அள்ளிவிட்டோம். ஆக, மண் போய்ச் சேர வேண்டிய வயலுக்கும் கடற்கரைக்கும் சேரவில்லை. தேங்கக் கூடாத இடத்தில் தேங்குகிறது. முன்னோர் கும்பிட்ட புதுவெள்ளத்தைக் காட்டி இன்றைய அணைச் சேற்றுக்கு வக்காலத்து வாங்குவது பொருந்தாது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மண்ணே மாறிவிட்டது. சோலைக்காட்டிலிருந்தும் புல்வெளியிலிருந்தும் மெல்ல மெல்லக் கரைந்து வந்த மண் வேறு. இன்று மலையிலிருந்து இறங்கும் மண் வேறு. இதைப் பேச்சாகச் சொல்வதைவிட ஓர் ஆற்றைப் பின்தொடர்ந்து காட்டுவது நல்லது. பவானியை எடுத்துக்கொள்வோம்.

நீலகிரியில் குந்தாச் சரிவுகள் பக்கம் ஐப்பசி மழையில் ஒரு கேரட் தோட்டத்தின் கீழ்க்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே போகாமல் மேலிருந்து கீழாகவே போகும். கிழங்குப் பயிருக்கு அடியில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்பதால் விவசாயி அப்படி வெட்டுகிறார். அவருக்கு அவர் நியாயம். மழை வலுத்த சில நிமிடங்கள் வரை பாத்திகளுக்கு இடையே ஓடும் நீர் ஓரளவு தெளிவாகத்தான் இருக்கும். பிறகு நிறம் ஏறும். மண் பிசுபிசுத்து, பாத்தியின் தோள் சரிந்து, கேரட்டின் தலை ஆரஞ்சாக வெளியே தெரியும். இரண்டு நாள் முன்பு வீசிய உரத்தின் குருணை பாதி கரைந்தும் பாதி கரையாமலும் அந்த நீரோடு உருளும். தோட்டத்தின் அடியில் ஒரு சாண் அகலத்தில் ஒரு கால்வாய். அதற்கும் ஓடைக்கும் நடுவே புல்லோ புதரோ ஒன்றும் கிடையாது, ஏனென்றால் கரை வரைக்கும் பாத்தி. அறுவடை ஆனதும் கேரட்டைக் கழுவும் இயந்திரங்கள் ஒட்டியிருக்கும் மிச்ச மண்ணையும் ஓடைப் பக்கமே தள்ளிவிடும்.

அந்த ஓடைகள் சேர்ந்து குந்தா ஆற்றுக்குப் போகின்றன. குந்தா பவானியோடு சேருமிடத்தில் பில்லூர் அணை. கோவை மாநகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் அணைகளில் ஒன்று அது. அங்கிருந்து மேட்டுப்பாளையம், சிறுமுகை, பிறகு 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர். கேரட் தோட்டத்தின் தோளில் சரிந்த மண் கோவையில் ஒரு வீட்டுக் குழாய்க்கு வந்துவிட்டது. பாத்தியில் மட்டுமல்ல பிழை. தேயிலைக்காகப் புல்வெளியை அழித்தது, சாலைக்காக மலைச்சரிவை வெட்டிய மண்ணை அப்படியே பள்ளத்தில் தள்ளுவது, பொக்லைனுக்குக் கட்டுப்பாடு உள்ள மாவட்டத்தில் விடுதிகளுக்காக மலை வெட்டப்படுவது என்று எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கலங்கல். சிறு விவசாயியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிட முடியாது.

இங்கே இரண்டாவது வாதம் வரும். ‘அதற்குத்தானே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது? தெளிய வைத்துத்தானே தருகிறார்கள்?’ படித்தவர்கள் அதிகம் சொல்வது இதுதான். இதில்தான் நாம் அதிகம் ஏமாந்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

மண் துகளின் பருமனைப் பொறுத்தே அது தண்ணீரில் இறங்கும் வேகம். அசையாத நீரில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள நுண்மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்கச் சுமார் இரண்டு நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கான வண்டல் துகளுக்கு மூன்று மணி நேரம். இரண்டு மைக்ரான் களிமண் துகளுக்கு மூன்று நாள். ஒரு மைக்ரான் என்றால் ஏறக்குறைய இரண்டு வாரம். இதெல்லாம் அசையாத நீரில். ஆறு எங்கே அசையாமல் நிற்கிறது? போதாக்குறைக்குக் களித்துகள்கள் ஒவ்வொன்றும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுமே தவிர ஒட்டாது. அதனால்தான் படிகாரம் போடுகிறோம். படிகாரத்தின் அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்து, துகள்களைத் திரளவைத்து, கனமாக்கி அடியில் இறக்குகிறது. மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் பாட்டிமார்களும் அதே காரியத்தைத்தான் செய்தார்கள்.

குடிநீர் நிலையங்களில் ‘ஜார் டெஸ்ட்’ என்று ஒன்று செய்வார்கள். ஆறு கண்ணாடி ஜாடிகளில் ஆற்றுநீரை ஒரே அளவு ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிகாரத்தை ஏறுமுகமாகச் சேர்த்து, துடுப்புகளை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் சுழலவிடுவார்கள். துடுப்பை நிறுத்தியதும் பார்க்க வேண்டும். ஒரு ஜாடியில் ஒன்றுமே நடக்காது. அடுத்ததில் பொடிப்பொடியாக ஏதோ மிதக்கும். இன்னொன்றில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, நம் கண்ணெதிரே சரசரவென்று இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். அந்த ஜாடியில் போட்டதுதான் அன்றைய அளவு. சாதாரண நாளில் இது வாடிக்கையான வேலை. மலையில் கனமழை பெய்த நாளில் கலங்கல் மணிக்கு மணி மாறும். காலையில் பார்த்த அளவு மதியத்துக்குப் பொருந்தாது. வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அதைத் திருப்பிக் கழுவவே சுத்தம் செய்த நீரில் ஒரு பங்கு போய்விடும். கடைசியில், ‘கலங்கல் அதிகமாக இருப்பதால் குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும்’ என்று ஓர் அறிவிப்பு வரும்.

காய்ச்சினால் கிருமி சாகும். மண் போகாது. மண்ணோடு ஒட்டி வந்ததும் போகாது.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் கலங்கலுக்கு 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) என்று வரம்பு வைக்கிறது. வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 5 வரை. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்த வரம்பு இல்லை இது. துகளுக்குள் ஒளிந்துகொண்ட கிருமியைக் குளோரின் எட்டிப் பிடிக்காது. குளோரினைக் கூட்டினால், மண்ணோடு வந்த மக்கிய இலைதழைப் பொருளோடு அது வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன் என்ற, நீண்டகாலம் உடலில் சேர்ந்தால் கேடு தரக்கூடிய சேர்மங்களை உண்டாக்கும். கூட்டினாலும் தொல்லை, குறைத்தாலும் தொல்லை. மேட்டில் மண் நின்றிருந்தால் இந்த இக்கட்டே வந்திருக்காது. இக்கட்டு எல்லோருக்கும் ஒன்றுபோலவும் வருவதில்லை. ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர் வீட்டில் அது கேட்ரிட்ஜ் மாற்றும் செலவு. தெருக்குழாயை நம்பியிருப்பவர் குழாயின் வாயில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கட்டிவைக்கிறார். மழைக்காலத்தில் அந்தத் துணி ஒரு வாரத்தில் காவி ஏறிவிடுகிறது. களித்துகளில் பெரும்பாலானதை அந்தத் துணி பிடிப்பதே இல்லை என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

இனி, என் மறுப்பின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். சேற்றை ‘வெறும் மண்’ என்பவர்கள் களிமண்ணின் தன்மையை மறந்துவிடுகிறார்கள். ஒரு கிராம் களிமண்ணில் உள்ள துகள்களின் மொத்தப் பரப்பு, அதன் வகையைப் பொறுத்து, பத்து சதுர மீட்டரில் தொடங்கிப் பல நூறு சதுர மீட்டர் வரை போகும். அவ்வளவு பரப்பும் ஒட்டிக்கொள்ளத் தயாராக இருக்கும் பரப்பு. உரத்தின் பாஸ்பரஸ், நீரில் எளிதில் கரையாத பழைய பூச்சிமருந்துகள், ஈயம், குரோமியம், பாதரசம் எல்லாம் அதில் ஏறிப் பயணம் செய்கின்றன. இவற்றில் பல தனியாகத் தண்ணீரில் அதிக தூரம் போகாதவை. அவற்றைச் சுமந்து ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி இந்தக் களிதான்.

கொடைக்கானல் ஏரி இதற்குச் சாட்சி. 1863-இல் உருவாக்கப்பட்ட ஏரி அது. எண்பதுகளில் அந்த மலை மீது ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. இந்துஸ்தான் லீவர் நடத்திய அந்த ஆலை 2001-இல் மூடப்பட்டது. அங்கே சுற்றுப்புறத்தில் பரவிய பாதரசம் ஏரியின் அடிச்சேற்றிலும் மீனிலும் இருப்பதைப் பிற்பாடு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். படகில் போகும் சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு அந்த ஏரி எப்போதும் போல அழகாகத்தான் தெரிந்தது. பாதரசத்தின் குணம் அது: ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகிறது. புழு அதைத் தின்ன, புழுவைச் சிறுமீன் தின்ன, சிறுமீனைப் பெருமீன் தின்ன, ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் மீன் தின்ற மக்களை முடமாக்கியது அதே மெத்தில் பாதரசம்தான். இப்படிப்பட்ட ஏரியில் ‘எத்தனை கன மீட்டர் தூர் வாரலாம்’ என்பது முதல் கேள்வியாக இருக்க முடியுமா? கிளறினால் என்ன கிளம்பும், அள்ளியதை எங்கே கொட்டுவது என்பதல்லவா முதலில் வர வேண்டும்?

நொய்யலில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றோடு வந்து அதில் தேங்கி, அணை ஒரு கழிவுக்குட்டை ஆனது. தண்ணீருக்காகக் கட்டிய அணையில் தண்ணீரே தேக்க வேண்டாம் என்று அதே பாசன விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது வரை அந்தப் போராட்டம் நீண்டது. மேலே இருக்கும் தண்ணீரை ஒரே வாரத்தில் திறந்துவிட்டுவிடலாம். அடியில் படிந்த சேறு அப்படிப் போகாது. ஒவ்வொரு புதுவெள்ளத்திலும் அது கிளறப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காவிரிப் பக்கம் இறங்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் படிந்த கதையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அங்கே படிந்தது மண்கூட இல்லை.

‘அள்ளிய வண்டல் வயலுக்கு உரம்’ என்ற மூன்றாவது வாதத்துக்கு இனி நீண்ட பதில் தேவைப்படாது. மானாவாரிக் கிராமத்தில் சாக்கடையும் ஆலையும் இல்லாத நீர்ப்பிடிப்பைக் கொண்ட கண்மாயின் வண்டல் உரம்தான். அதை விவசாயிக்கு இலவசமாகக் கொடுப்பது நல்ல திட்டம்தான், தொடர வேண்டும். நகரத்துச் சாக்கடை கலந்த குளத்தின் சேறு உரமா விஷமா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் கறுப்பாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் சோதிக்காமல் ஒரு டிராக்டர் மண்ணைக்கூட அங்கிருந்து வயலுக்கு அனுப்பக் கூடாது. வயலில் ஏறிய கனஉலோகத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை என்று சொல்லிவிடலாம்.

தூர்வாரும் முறைக்கு வருவோம், ஏனெனில் பணம் முழுவதும் அங்கேதான் போகிறது. ஆறு அணைக்குள் நுழையும் இடத்திலேயே வேகம் குறைந்து மணலும் பருவண்டலும் படிந்துவிடும். கோடையில் நீர் வற்றும்போது வெளியே தெரிவதும், பொக்லைன் இறங்க முடிவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியில். தண்ணீரைக் கெடுக்கும் நுண்களி உள்ளே போய், அணைச்சுவரை ஒட்டிய ஆழத்தில், ஈரம் வற்றாமல் கிடக்கும். ஆக, கன மீட்டரைக் கொண்டு கூலி கணக்கிடும் ஒப்பந்தத்தில் நாம் எடுப்பது அதிகக் கன அளவும் குறைந்த கெடுதியும் உள்ள மண்ணை. அதிகக் கெடுதி செய்வது அப்படியே கிடக்கிறது.

கிடப்பது சும்மாவும் கிடக்கவில்லை. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மறுபடி நீரில் கரைகிறது. ஏரி பச்சைப் பாசி பூத்து, நாற்றமெடுத்து, மீன் செத்து மிதக்கும் செய்தி வரும். மேலிருந்து ஒரு சொட்டுக் கழிவு வராமல் நிறுத்தினாலும்கூடச் சில ஆண்டுகளுக்கு இந்த உள்வரத்து ஓயாது. பாசிகளில் சில வகை நஞ்சும் சுரக்கும். பத்தாண்டு உரம் அடிச்சேற்றில் சேமிப்பாகக் கிடந்து வட்டியோடு வெளியே வருகிறது.

ஊட்டி ஏரியைப் பாருங்கள். ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டிய அந்த ஏரியின் பழைய பரப்பில் பிற்பாடு பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் வந்தன. மிஞ்சிய ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் நகரின் சாக்கடையையும் சரிவுகளின் மண்ணையும் சேர்த்தே கொண்டுவருகிறது. ஏரியைத் தூர் வாருவதும், கால்வாய் மறுபடி நிரப்புவதும், ஆகாயத்தாமரையை அகற்றுவதும், அது மறுபடி படர்வதும் அங்கே பலமுறை நடந்தாயிற்று. ஏரியிலிருந்து வழியும் நீர் காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. வாயைத் திறந்துவைத்துவிட்டு வயிற்றைக் கழுவிக்கொண்டிருக்கிறோம்.

மீனுக்கு நேர்வதையும் சொல்லியாக வேண்டும். பவானியில் சேரும் மாயாற்றில் வாழும் திமில் மகசீர் காவிரிப் படுகையில் மட்டுமே உள்ள மீன். ஆள் கனம் வரை வளரும். அழியும் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் 2018-இல் சேர்க்கப்பட்டது. மகசீர் இனங்கள் தெளிந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓடுநீரில், கூழாங்கல் பரப்பின் மீது முட்டையிடும். கூழாங்கற்களின் இடுக்கில் நுண்சேறு படிந்துவிட்டால் முட்டைக்கு மூச்சில்லை. அணையும் வேட்டையும் அந்த மீனைக் குறைத்ததில் பங்கு கொண்டவை, உண்மை. ஆனால் முட்டை பொரிக்க இடமில்லாத ஆற்றில் வேட்டையைத் தடுத்து மட்டும் என்ன பயன்? மீனின் செவுளை அடைக்கும் அந்தச் சேறுதான் வெளிச்சத்தையும் மறைக்கிறது. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் நீர்த்தாவரம் வளராது, ஆக்சிஜனும் சுரக்காது. இதில் எதுவும் டி.எம்.சி. கணக்கில் வராது.

நம்மிடமே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பழைய ஏரிகளில் குமிழித்தூம்பு என்ற அமைப்பு இருந்தது. அதில் தண்ணீர் போக நீரோடித் துளையும், அடியில் சேறு போகச் சேறோடித் துளையும் தனித்தனியே வைத்தார்கள். தூம்பைத் திறக்கும்போது பாசன நீரோடு கொஞ்சம் வண்டலும் வயலுக்குப் போய்விடும். சேற்றைப் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பேரிடராக அவர்கள் கருதவில்லை. அன்றன்றைக்கு நகர்த்த வேண்டிய பொருளாகக் கருதினார்கள். அந்த அறிவைக் கல்வெட்டுப் பெருமையாக மட்டும் பேசிவிட்டு, ஏரிக்குள் பொக்லைனை இறக்குகிறோம்.

அப்படியானால் தூர்வாரவே கூடாதா? வார வேண்டும், கடைசி வேலையாக. முதல் வேலை மேட்டில் இருக்கிறது. நீலகிரியில் மண்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் ஐம்பதுகளிலிருந்து இயங்குகிறது. சரிவின் போக்கில் பாத்தி போட்டால் போகும் மண்ணோடு ஒப்பிட்டால், உள்நோக்கிச் சாய்ந்த படிமட்டம் அமைத்த நிலத்திலிருந்து போவது மிகச் சொற்பம் என்பது அங்கே எப்போதோ தெளிவாகிவிட்டது. அறிவு இருக்கிறது; பணம்தான் கீழே, அணையில் செலவாகிறது. படிமட்டம் போட்டால் விதைக்கும் பரப்பு குறையும், கூலி கூடும். குத்தகைக்கு எடுத்த விவசாயி ஓராண்டுப் பயிருக்காக அதைச் செய்யமாட்டார், அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. குழாயில் அந்த நீரைக் குடிக்கும் நகரம் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும். கோவையின் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பகுதி குந்தாச் சரிவுகளின் படிமட்டத்துக்கும் ஓடைக்கரைப் புல்லுக்கும் போனால், அது படிகாரச் செலவையும் வடிகட்டிச் செலவையும் விட மலிவாகவே முடியும் என்று நம்புகிறேன். ஓடையின் இருபுறமும் சில மீட்டர் அகலத்துக்குப் பாத்தி இல்லாமல் விட்டு, வெட்டிவேரோ உள்ளூர்ப் புல்லோ வளரவிட்டாலே மண்ணில் நல்ல பங்கு அங்கே நின்றுவிடும். அணைக்குள் நுழையுமுன் சிற்றோடைகளில் கட்டும் சிறு தடுப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை வாருவது எளிது, செலவும் குறைவு. கேரட் கழுவிய நீரை ஒரு தொட்டியில் தெளியவைத்து வெளியேற்றச் சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, மேற்பார்வை போதும்.

அத்தோடு அந்த ஐந்தாவது எண் வேண்டும். ஒவ்வொரு அணையிலும் நீர்வரத்தை அளக்கும் இடத்திலேயே கலங்கலையும் அளக்கலாம். அதற்கான கருவி நம் குடிநீர் நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. நீர்மட்டத்தோடு சேர்த்து நாளும் வெளியிட்டால், எந்த மழையில் எந்த ஓடை மண்ணைக் கொண்டுவந்தது என்று ஒரு பருவத்துக்குள் தெரிந்துவிடும். தெரிந்தபின் யாரும் அதை ‘இயற்கை’ என்று தள்ளிவிட முடியாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கிராமசபையிலோ வார்டுக் கூட்டத்திலோ குளத்தைத் தூர்வாரும் தீர்மானம் வரும்போது, கன மீட்டர் கணக்கைக் கேட்பதற்கு முன்னால் அந்தச் சேற்றின் ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். அதில் என்ன இருக்கிறது, எந்த வாய்க்கால் வழியே வந்தது, அந்த வாய்க்காலை என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராமல் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.